முதலில் வேலை, பிறகு பயிற்சி: மாற்றுத்திறனாளிகளுக்கான ‘ஆதரவுடன் கூடிய வேலை’ என்றால் என்ன?

மெழுகுவர்த்தி செய்ய ஆறு மாதம், காகிதப் பை ஒட்ட ஆறு மாதம், தையல் ஒரு வருடம். இப்படி வாங்கிய சான்றிதழ்களை எல்லாம் கவருக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு வீட்டில் சும்மா இருக்கும் மாற்றுத்திறனாளி இளைஞர்களைக் குமரி மாவட்டத்தில் தேடி அலைய வேண்டியதில்லை. பயிற்சி கெட்டது அல்ல. ஆனால் மெழுகுவர்த்தி செய்யப் பழகியவருக்கு வேலை தர மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ எத்தனை மெழுகுவர்த்திக் கம்பெனிகள் இருக்கின்றன? இங்கே ஆள் தேவைப்படுவது சிப்ஸ் கடையில், ஜவுளிக்கடையில், அண்டி ஆபீஸ் எனும் முந்திரி ஆலையில், மீன்வலைக் கம்பெனியில், மருத்துவமனையில், கன்னியாகுமரி லாட்ஜுகளில். அங்கே கொண்டுபோய் விட்டால் கற்றது வேறு, செய்ய வேண்டியது வேறாக இருக்கிறது.

இந்த வரிசையைத் திருப்பிப் போடுவதுதான் ஆதரவுடன் கூடிய வேலை. ஆளை ‘தயார்’ செய்துவிட்டு வேலை தேடுவதில்லை. அவருக்குப் பொருந்தும் நிஜமான வேலையை முதலில் பிடிப்பார்கள், அந்த இடத்திலேயே அந்த வேலையைக் கற்றுக்கொடுப்பார்கள், வேலை நிலைக்கும்வரை கூடவே ஒருவர் இருப்பார். அந்த ஒருவரை ‘ஜாப் கோச்’ என்பார்கள். நிஜமான வேலை என்பதில் 3 விஷயம் அடக்கம்: மற்றவர்களோடு கலந்து செய்வது, அதே வேலை செய்யும் மற்றவருக்குக் கிடைக்கும் சம்பளம், அதே விதிமுறைகள். மாற்றுத்திறனாளிகளை மட்டும் ஒரு கூடத்தில் உட்காரவைத்துச் செய்யும் வேலை இதில் சேராது.

யோசனை புதிதல்ல. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மார்க் கோல்டு என்பவர், ‘இவர்களுக்கு எதுவும் ஏறாது’ என்று ஒதுக்கப்பட்ட அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மிதிவண்டி பிரேக்கைப் பாகம் பாகமாகக் கோக்கக் கற்றுக்கொடுத்துக் காட்டினார். ஒருவர் கற்கவில்லை என்றால் சொல்லிக்கொடுத்த விதத்தை மாற்று, ஆளைக் குறை சொல்லாதே என்பது அவர் கட்சி. 1986இல் அந்த நாட்டுச் சட்டத்தில் ஆதரவுடன் கூடிய வேலைக்குத் தனி இடம் கிடைத்தது. மனநல பாதிப்பு உள்ளவர்களுக்காக ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் இருவரும் நியூ ஹாம்ப்ஷயரில் வளர்த்தெடுத்த முறையும் இதே வேரிலிருந்து வந்ததுதான். அதில் ஒரு கறாரான விதி உண்டு. வேலை வேண்டும் என்று ஒருவர் சொல்லிவிட்டால், ‘உனக்கு இன்னும் சரியாகவில்லை’ என்று யாரும் அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது.

ஆளைத் தெரிந்துகொள்வது

மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் ‘குறைபாடு 60 சதவீதம்’ என்று இருப்பதை வைத்து ஒருவருக்கு என்ன வேலை வரும் என்று சொல்ல முடியாது. அந்த எண் சலுகைக்கு உதவும், வேலை தேட உதவாது. ஜாப் கோச் செய்ய வேண்டிய முதல் காரியம், அந்த நபரோடு 2, 3 வாரம் வெவ்வேறு இடங்களில் நேரம் செலவழிப்பது. வீட்டில், தெருமுனைக் கடையில், கோயில் கொடையில், சர்ச் அசனத்தில் (பொது விருந்தில்) அவர் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். அசனப் பந்தியில் யாரும் சொல்லாமலே இலை போட்டுக்கொண்டு போகிறவருக்கு வரிசை ஒழுங்கு தெரியும். அதை எந்தத் தேர்விலும் கண்டுபிடிக்க முடியாது.

எழுதிக்கொள்ள வேண்டியவை இவை: தொடர்ந்து எவ்வளவு நேரம் நிற்பார், எதில் சலிப்பார், சத்தம் ஒத்துக்கொள்ளுமா, மணம் ஒத்துக்கொள்ளுமா, எண் தெரியுமா, எழுத்துக்கூட்டுவாரா, யாரைக் கண்டால் பேசுவார், மருந்து எத்தனை மணிக்கு, தனியாகக் கழிவறை போவாரா, எந்த பஸ் ஏறுவார். அவருக்கு எது பிடிக்கும் என்பதை எல்லாவற்றுக்கும் மேலே எழுத வேண்டும். பிடிக்காத வேலையில் ஆதரவு எவ்வளவு கொடுத்தாலும் மூன்றாவது மாதம் காலையில் வயிற்றுவலி வந்துவிடும்.

உள்ளூர் வேலைகளின் நெளிவுசுளிவும் தெரிந்திருக்க வேண்டும். ‘அண்டி ஆபீஸ் வேலை’ என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே வெவ்வேறு வேலைகள் உண்டு. தோடு உடைக்கும் பிரிவில் தோட்டு எண்ணெய் கையில் பட்டால் தோல் பொள்ளும். தொடுதல், மணம் போன்றவை அளவுக்கு மீறி உறைக்கும் ஆட்டிசம் இளைஞருக்கு அது நரகம். தொலி உரிக்கும் பிரிவில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் பருப்பு உடையாமல் விரல் நுனி வேலை செய்ய வேண்டும். தரம் பிரிப்பில் கண்தான் முதல். ‘320’ என்ற தரம் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 முழுப்பருப்பு நிற்பது. 240க்கும் 320க்கும் உள்ள அளவு வித்தியாசத்தைக் கண்ணால் பிடிக்கிறவர்கள் உண்டு, ஒருநாளும் பிடிக்காதவர்களும் உண்டு. ஒரே ஆள் ஒரு பிரிவில் தோற்று, பக்கத்துப் பிரிவில் நன்றாக வேலை செய்யலாம்.

முதலாளியிடம் எப்படிப் போவது

‘ஒரு பாவப்பட்ட பையன் இருக்கிறான், பார்த்துச் செய்யுங்க’ என்று பேச்சைத் தொடங்கினால் காரியம் கெட்டது. பதில் பெரும்பாலும் இப்படி வரும்: “பாவம்லா, சும்மா வந்து இருக்கட்டும், கைச்செலவுக்கு எதாச்சும் குடுப்போம்.” இதை ஏற்கவே கூடாது. கைச்செலவுக்கு வந்தவரை யாரும் வேலைக்காரராகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். டீ வாங்க அனுப்புவார்கள், பிறகு டீ வாங்க மட்டுமே அனுப்புவார்கள்.

முதல் சந்திப்பில் வேலையே கேட்க வேண்டாம். ‘உங்கள் இடத்தில் வேலை எப்படி நடக்கிறது என்று 20 நிமிடம் பார்க்கலாமா?’ என்று கேட்டாலே போதும். உள்ளே போனதும் யார் எதில் நேரத்தை வீணாக்குகிறார்கள் என்று பாருங்கள். அடுத்த சந்திப்பில் அதற்கான தீர்வாக ஆளைப் பற்றிப் பேசுங்கள். வாரத்துக்கு 6 முதலாளிகளையாவது நேரில் பார்க்க வேண்டும் என்பது டிரேக், பெக்கர் முறையில் வைத்திருக்கும் அளவுகோல். நம்மூரில் வாரம் ஒன்று போய்விட்டு ‘யாரும் தரமாட்டேங்கிறாங்க’ என்று உட்காருவது வழக்கம்.

நேரமும் முக்கியம். ஜவுளிக்கடை, சிப்ஸ் கடைக்காரர்களை ஓணத்துக்கு முந்தைய 2 வாரத்திலோ கிறிஸ்துமஸ் நெருக்கத்திலோ போய்ப் பார்த்தால் எரிந்துதான் விழுவார்கள். அதே ஓணத்துக்கு 2 மாதம் முன்னால் போனால், கூடுதல் கை தேவைப்படப் போகிறது என்பது அவர்களுக்கே தெரியும். சீசன் தொடங்கும்போது நம் ஆள் வேலை பழகியிருப்பார். சீசன் நடுவில் புது ஆளைச் சேர்ப்பது, மாற்றுத்திறன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆளைக் கெடுக்கும் வழி.

வேலையைச் செதுக்குவது

இருக்கும் வேலையை அப்படியே ஒருவர் தலையில் வைக்காமல், பலரது வேலைகளிலிருந்து அவருக்குப் பொருந்தும் பகுதிகளைப் பிரித்துச் சேர்த்து ஒரு பணியிடமாக்குவதுதான் செதுக்குதல். மார்த்தாண்டம் பக்கம் ஒரு ஏத்தங்காய் சிப்ஸ் கடையை எடுத்துக்கொள்வோம். பாக்கெட் போடும் அக்கா ஒருவரே கவரைத் திறந்து, எடை போட்டு, மூடி, ஸ்டிக்கர் ஒட்டி அடுக்குகிறார். எடை பார்ப்பதற்கு எண் தெரிய வேண்டும், 250 கிராமுக்கு மேலே போனால் 2 துண்டு எடுக்க வேண்டும், குறைந்தால் போட வேண்டும். எண் பிடிபடாத இளைஞருக்கு இது தீராத குழப்பம். ஆனால் மூடுவதும் ஒட்டுவதும் அடுக்குவதும் அப்படியல்ல. அக்கா எடை மட்டும் போட்டுத் தள்ள, இளைஞர் மூடி அடுக்கினால் இருவர் கையும் ஓயாது. அக்காவின் எண்ணிக்கையும் கூடும். முதலாளியிடம் பேச வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

இனி அந்த ‘மூடுவது’ என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை படி இருக்கிறது என்று பாருங்கள். கவரின் வாயை உலர்ந்த துணியால் உள்பக்கம் துடைக்க வேண்டும். சிப்ஸ் எண்ணெயோ உப்போ அந்த இடத்தில் இருந்தால் பிளாஸ்டிக் ஒட்டாது, 2 நாளில் காற்றுப் புகுந்து சிப்ஸ் நமுத்துவிடும். பிறகு கவரை மெல்ல அமுக்கிக் காற்றைக் கொஞ்சம் வெளியேற்ற வேண்டும், முழுதும் வெளியேற்றினால் சிப்ஸ் நொறுங்கும். வாயைச் சுருக்கம் இல்லாமல் இரு கையாலும் இழுத்துச் சீலிங் மெஷினின் கம்பிமேல் வைக்க வேண்டும். பிடியை அழுத்த வேண்டும். சின்ன விளக்கு எரியும், அணையும். அணைந்த உடனே கையை எடுத்தால் சூடான பிளாஸ்டிக் பிரிந்துவிடும், அணைந்த பின்னும் ‘ஒண்ணு, ரெண்டு’ எண்ணும் நேரம் அழுத்தியே இருக்க வேண்டும். பிறகு எடுத்து, தலைகீழாக ஒரு முறை அமுக்கிப் பார்த்து, காற்று வந்தால் ஒதுக்க வேண்டும், வராவிட்டால் தட்டில் வைக்க வேண்டும்.

இதைப் படிப்பகுப்பு என்பார்கள். ஜாப் கோச் தானே அந்த மெஷினில் உட்கார்ந்து 100 பாக்கெட்டாவது மூடிப் பார்க்காமல் இதை எழுத முடியாது. ‘நல்லா மூடு’ என்று சொல்லிக்கொடுப்பவர்களின் மாணவர் கோட்டை விடுவது எப்போதும் அந்த ‘ஒண்ணு, ரெண்டு’ இடத்தில்தான். திட்டு வாங்குவது அவர், தவறு சொல்லிக்கொடுத்தவருடையது.

சில படிகளைக் கற்றுக்கொடுப்பதை விட மாற்றிவிடுவது சுலபம். கவரை எந்த இடத்தில் வைப்பது என்று குழம்பினால் மெஷின்மேல் ஒரு சிவப்பு டேப் கோடு போதும். 20 பாக்கெட் எண்ணத் தெரியாதவருக்கு 20 குழி வரைந்த தட்டு போதும். நிரம்பினால் கணக்கு முடிந்தது, எண்ண வேண்டியதே இல்லை.

முதல் வாரங்கள்

கற்றுக்கொடுப்பதில் பலர் செய்யும் பெரிய தவறு, ஓயாமல் பேசுவது. “மக்கா, கவர எடு, துடச்சியா, அங்க இல்ல இங்க, ம், அமுக்கு” என்று 2 நாள் பேசினால் மூன்றாம் நாள் குரல் வராமல் கை நகராது. கோச்சின் குரல் வேலையின் ஒரு படியாகவே ஆகிவிடும். அதனால் குறைந்த உதவியிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் சில நொடி காத்திருப்பது. பிறகு விரலால் சுட்டுவது. பிறகு செய்துகாட்டுவது. கடைசியில்தான், அதுவும் அவர் சம்மதத்தோடு, கையைப் பிடித்துக் காட்டுவது. நிற்பதும் முகத்துக்கு நேராக அல்ல, தோளுக்குப் பின்னால். பார்க்க வேண்டியது பாக்கெட்டை, கோச்சின் முகத்தை அல்ல.

ஒவ்வொரு படிக்கும் நேரே அன்றைய நாளின் குறி போடுங்கள்: தானே செய்தார், சுட்டியதும் செய்தார், செய்துகாட்டிய பின் செய்தார், கைபிடித்துச் செய்தார். 10 நாள் தாளைப் பார்த்தால் எந்தப் படியில் சிக்கல் என்று கண்ணுக்குத் தெரியும். தொடர்ந்து 3 நாள் தானே செய்த படியில் கோச் தலையிடவே கூடாது. நீளமான வேலைக்கு, கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்பிப்பது பல நேரம் நன்றாக வரும். முதல் நாளே ‘முடித்துவிட்டேன்’ என்ற திருப்தி கிடைக்கும் என்பதே காரணம்.

இன்னொரு தவறு, வேகம் காட்டுவதற்காகக் கோச்சே பாதி வேலையைச் செய்து கொடுப்பது. முதலாளி 2 வாரம் பொய்யான எண்ணிக்கையைப் பார்ப்பார். கோச் விலகியதும் பாதியாகக் குறையும், நம்பிக்கை போய்விடும். மணிக்கு எத்தனை பாக்கெட் என்பதை முதல் வாரத்திலிருந்தே நிஜமாக எழுதி முதலாளியிடம் காட்டுங்கள். ‘இப்போது 40, பக்கத்து ஆள் 90, 2 மாதத்தில் 75 வரை கொண்டுவரலாம்’ என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் காத்திருப்பார்கள். வியாபாரிக்குத் தெரியாத எண்ணைவிடத் தெரிந்த குறைவான எண் மேல்.

கோச் எவ்வளவு நாள் இருக்க வேண்டும்? ஆளுக்கு ஆள் மாறும். பொதுவாக முதல் 2 வாரம் முழு நேரமும், அடுத்த 2 வாரம் பாதி நேரமும், பிறகு காலையில் வந்து சேரும் நேரம், மாலையில் கிளம்பும் நேரம் மட்டும், அதன்பின் வாரம் 2 முறை, மாதம் ஒரு முறை என்று இறங்கலாம். ‘விலகுவது’ முதல் நாளே திட்டத்தில் இருக்க வேண்டும். அந்த இடத்திலேயே துணை உருவாக வேண்டும் என்பதே காரணம். பக்கத்தில் வேலை செய்யும் ஓர் அண்ணனோ அக்காவோ, ‘ஸ்டிக்கர் தீர்ந்தா யார்கிட்ட கேக்கணும்’ என்பதற்குப் பதில் சொல்லும் ஆளாக மாற வேண்டும். அவரிடம் இது தன் தலையில் கட்டிய சுமை என்று தோன்றாமல் பார்த்துக்கொள்வது கோச்சின் வேலை. மேற்பார்வையாளர் காதில் படும்படி அவரைப் பாராட்டுவது செலவில்லாத வழி. முழுதாக விலகுவது மட்டும் கிடையாது. ஒரு போன் எண் எப்போதும் இருக்க வேண்டும்.

இடத்தை மாற்றுவது

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களைப் பற்றியே இதுவரை அதிகம் பேசிவிட்டோம். மற்றவர்களுக்குப் பயிற்சியை விட இடமும் கருவியும் தடையாக இருக்கும்.

சக்கர நாற்காலி என்றால் உடனே சாய்தளம் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். அதற்கு அளவு 1க்கு 12. ஒரு படி 15 செ.மீ. என்றால் சாய்தளம் 1.8 மீட்டர் நீளம் வேண்டும், 2 படிக்கு 3.6 மீட்டர். நாகர்கோவில் பழைய கடைகளின் முன்வாசலில் அவ்வளவு இடம் கிடைக்காது, பின்வாசலையும் குடோன் வாசலையும் பார்க்க வேண்டியிருக்கும். இடம் இல்லை என்று செங்குத்தாக ஒரு பலகை போட்டு ‘சாய்தளம் போட்டாச்சு’ என்பது ஆளைத் தள்ளிவிடும் வேலை. ஆனால் வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் வாசல் அல்ல, கழிவறை. அது மாடியிலோ கொல்லைப்புறம் 3 படி இறங்கியோ இருக்கும். காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வேலை செய்து சிறுநீர்த் தொற்றோடு வேலையை விட்டவர்கள் ‘உடம்புக்கு முடியல’ என்றுதான் காரணம் சொல்வார்கள். டேப்போடு போய்க் கழிவறையை முதலில் அளந்து பாருங்கள். கதவு 90 செ.மீ. அகலம் வேண்டும்.

பார்வையற்றவர்களுக்குத் திரை வாசிப்பான் மென்பொருளான என்விடிஏ இலவசமாகவே கிடைக்கிறது. அலுவலகத்தில் பயன்படுத்தும் பில் மென்பொருள் மவுஸ் இல்லாமல் விசைப்பலகையால் மட்டும் ஓடுகிறதா என்பதைச் சேருவதற்கு முன்பே உட்கார்ந்து சோதிக்க வேண்டும். சேர்ந்த பிறகு தெரிந்தால் அது அவர் குறையாகப் பார்க்கப்படும். ரூபாய்த் தாளை அடையாளம் காண ரிசர்வ் வங்கி 2020இல் வெளியிட்ட ‘மணி’ செயலி உதவும். பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் யுபிஐ பெட்டி இவர்களுக்காகச் செய்யப்பட்டதல்ல. ஆனால் கல்லாவில் உட்காரும் பார்வையற்றவருக்கு அதைவிடப் பயனுள்ள கருவி கடைவீதியில் வேறு இல்லை.

காது கேளாதவர்கள் வேலையைத் திறமையாகச் செய்துகொண்டே திடீரென்று நின்றுவிடுவதுண்டு. வேலை கஷ்டம் அல்ல, நாள் முழுக்க யாரும் பேசாததுதான். முதல் வாரமே உடன் வேலை செய்பவர்களுக்கு 30 சைகையாவது கற்றுக்கொடுங்கள்: சாப்பாடு, லீவு, சம்பளம், அவசரம், ஆபத்து, நாளைக்கு. உத்தரவுகளை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், ஆனால் எழுத்துத் தமிழ் எல்லோருக்கும் சரளமாக வராது. படமோ சைகை தெரிந்தவரின் வீடியோ அழைப்போ சேர்ந்தால்தான் செய்தி போய்ச் சேரும். தீ எச்சரிக்கை மணிக்கு விளக்கும் சேர்த்து வைப்பது கட்டாயம்.

மனநல பாதிப்பில் தடை கண்ணுக்குத் தெரியாது. மருந்தால் காலையில் மந்தமாக இருப்பவரைக் காலை 7 மணி ஷிப்டில் போட்டால் சோம்பேறிப் பட்டம் கிடைக்கும். 10 மணிக்குத் தொடங்கும் வேலை தேடலாம், மருந்து நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரைக் கேட்கலாம். தாமாக மாத்திரையை நிறுத்துவது கூடவே கூடாது. மாதம் ஒரு நாள் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வேறு இடத்துக்கோ போக விடுப்பு வேண்டும் என்பதைச் சேரும்போதே பேசிவிட வேண்டும். நோயைப் பற்றி முதலாளியிடம் சொல்வதா என்பது அவர் முடிவு. கோச் சொல்லலாமா, யாரிடம், எவ்வளவு என்பதை எழுதி, அவர் கையெழுத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணத்தில் போட்டுடைக்கும் கோச்சுகளால் போன வேலைகள் நிறைய.

பஸ்

இந்தத் துறையில் யாரும் போதிய கவனம் கொடுக்காத தலைப்பு இது. மாற்றுத்திறனாளிகளும் உடன் வரும் துணையாளர் ஒருவரும் அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாமல் போகலாம். ஆனால் ஏறத் தெரிய வேண்டுமே! நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி அடுத்த பஸ் பிடிப்பது எண் தெரியாதவருக்குப் பாக்கெட் மூடுவதை விடக் கடினம். பழக்கும் வழி: முதலில் கூடவே போவது, பிறகு அதே பஸ்ஸில் தள்ளி உட்காருவது, பிறகு பைக்கில் பின்னால் போவது, கடைசியில் 2 முனையிலும் போன். போர்டில் உள்ள எண்ணையும் ஊர்ப் பெயரையும் அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்தால் கண்டக்டரிடம் காட்டலாம். நம் மாவட்டத்தில் மழை ஜூனிலும் பெய்யும், அக்டோபர், நவம்பரிலும் பெய்யும். பஸ் வராத நாளில் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது, எவ்வளவு நேரம் காத்திருந்து திரும்பி வருவது என்பதையும் வெயில் காலத்திலேயே ஒரு முறை செய்து பார்த்துவிட வேண்டும். கால்கள் பாதிக்கப்பட்டவர்கள் இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டருக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

வீடும் சம்பளமும்

“நாங்க இருக்கோம்லா, அவன் வேலைக்குப் போய் என்ன ஆகப்போகுது?” அண்ணன் வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பும் வீடுகளில் இதை அடிக்கடி கேட்கலாம். அடியில் இருப்பது பயம். கேலி செய்வார்களோ, வழியில் ஏதாவது ஆகுமோ, உதவித்தொகை நின்றுவிடுமோ என்ற பயம். கடைசி பயத்துக்கு வாய்ப்பேச்சில் ஆறுதல் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு உதவித்தொகைக்கும் தனித்தனி நிபந்தனை உண்டு. அவர் வாங்கும் தொகையின் ஆணையை எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் சேருவதற்கு முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

சம்பளம் அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் விழ வேண்டும். 18 வயது கடந்த அறிவுசார் குறைபாடு உள்ளவருக்குக் கணக்குத் தொடங்க வங்கியில் பாதுகாவலர் சான்று கேட்பார்கள். 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு அதை வழங்கும். கையெழுத்துப் போடத் தெரிந்து, பணம் என்னவென்று புரிந்தவர்களுக்கும் அவசரப்பட்டுப் பாதுகாவலர் வாங்குவது தேவையில்லாத கட்டு. சம்பளத்தில் ஒரு பங்கையாவது அவர் விருப்பப்படி செலவழிக்க விட வேண்டும். முழுவதையும் வீடு எடுத்துக்கொண்டால், வேலைக்குப் போவதற்கு அவருக்கு என்ன காரணம் இருக்கிறது?

சட்டம் சொல்வது, காகிதம் கேட்பது

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடப்பில் இருக்கிறது. 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு, குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு. தனியாருக்கு ஒதுக்கீடு கட்டாயம் இல்லை. ஆட்களில் 5 சதவீதமாவது மாற்றுத்திறனாளிகளாக இருக்க ஊக்கம் கொடுக்க வேண்டும் என்றுதான் சட்டம் அரசிடம் சொல்கிறது. கடைக்காரரிடம் போய் ‘5 சதவீதம் கட்டாயம்’ என்று மிரட்டுபவர்கள் வாசலை அடைத்துவிடுகிறார்கள். ஆனால் நிறுவனம் தனியார் என்றாலும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட்டாக வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அந்தக் கொள்கை விரிவாக இருக்க வேண்டும், தொடர்பு அலுவலர் ஒருவரையும் நியமிக்க வேண்டும். அரசு ஊழியர் ஒருவர் பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியானால் அவரை வேலைநீக்கமோ பதவியிறக்கமோ செய்ய முடியாது. இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டில் சேருவதற்கான மாதச் சம்பள வரம்பு மற்றவர்களுக்கு 21,000 ரூபாய், மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000.

கையில் இருக்க வேண்டியவை தனித்துவ அடையாள அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், வேலைவாய்ப்புப் பதிவு. அடையாள அட்டை 40 சதவீதத்துக்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம். பதிவைக் கோணத்தில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு மையத்திலோ இணையத்திலோ செய்து, 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையம் திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில் இருப்பதை விளவங்கோடு, கல்குளம் பக்கத்துக்காரர்கள் மறக்க வேண்டாம், சென்னையை விட அது பக்கம். அலுவலகத்தில் மனு நகராவிட்டால் திங்கள்கிழமை ஆட்சியரின் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது.

மூன்றாவது மாதத்துக்குப் பிறகு

வேலை தெரியாமல் வேலை போவது குறைவு. மேற்பார்வையாளர் மாறுவார், புதியவருக்கு எதுவும் தெரியாது. துணையாக இருந்த அக்கா கல்யாணமாகிப் போய்விடுவார். மெஷின் புதிதாக வரும், அதில் விளக்கு அணையாது, மணி அடிக்கும். பழகிய குறி போய்விட்டது என்று யாரும் யோசிக்க மாட்டார்கள், ‘திடீர்னு மக்கு ஆயிட்டான்’ என்பார்கள். கோச்சுக்கு அன்று காலையே போன் வரவேண்டும். அதற்குத்தான் மாதம் ஒரு முறை போய் நிற்பது.

கேலியை எல்லோரும் கவனிப்பார்கள். செல்லத்தை யாரும் கவனிப்பதில்லை. தாமதமாக வந்தாலும் பரவாயில்லை, பாக்கெட் கெட்டாலும் பரவாயில்லை என்று ஆறு மாதம் ஒன்றும் சொல்லாமல் விட்டு, ஒருநாள் பொறுமை போய் ‘நாளையிலிருந்து வரவேண்டாம்’ என்பார்கள். மற்றவருக்குச் சொல்லும் கண்டிப்பை இவருக்கும் அதே அளவில், அன்றன்றே சொல்லச் சொல்லுங்கள். கைமாற்று வாங்கித் திருப்பாத சக ஊழியர், தன் எடுபிடி வேலையை எல்லாம் இவர்மேல் போடும் சக ஊழியர், மற்ற எல்லோருக்கும் வந்த சம்பள உயர்வு இவருக்கு மட்டும் வராதது, இவற்றையும் கேட்டுப் பார்க்க வேண்டும். முன்னறிகுறிகள் சின்னவை: மதியச் சாப்பாடு மீந்து வருவது, வாரத்தில் 3 நாள் தாமதம், திங்கட்கிழமை வயிற்றுவலி. ‘என்ன பிரச்சினை’ என்று கேட்டால் ‘ஒண்ணுமில்ல’ என்றுதான் பதில் வரும். ஒரு நாள் ஷிப்ட் முழுதும் போய் உட்கார்ந்து பாருங்கள்.

அப்படியும் வேலை போகலாம். எல்லோருக்கும்தான் போகிறது. அந்த வாரமே 3 விஷயத்தை எழுதிவையுங்கள்: எந்தப் படிவரை தானே செய்தார், எது நடந்ததால் கெட்டது, அதற்கு முன் எத்தனை மாதம் நன்றாக ஓடியது. முதலாளியிடம் அனுபவச் சான்று ஒன்று கேட்டு வாங்குங்கள், கோபத்தில் வாங்காமல் வந்துவிடுபவர்கள் அதிகம். பிறகு அடுத்த கடைக்காரரைப் பார்க்கக் கிளம்ப வேண்டியதுதான், திரும்பவும் மெழுகுவர்த்திப் பயிற்சிக்கு அல்ல.